பெட்டியில் போட்ட எண் வேறு, உங்கள் கால் வேறு: டாங்கோ ஷூ கேள்வி–பதில்

புவேனஸ் அய்ரஸிலும் மொந்தெவிதேயோவிலும் பிறந்த டாங்கோ, வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போன நம் வாசகர்களையும் விட்டுவைக்கவில்லை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இசையையோ ஆட்டத்தையோ பற்றியவை இல்லை, காலில் போடுவதைப் பற்றியவை. டாங்கோ ஆடக் கூடும் இடத்தையும் அந்தக் கூடுகையையும் மிலோங்கா என்பார்கள். பதில்களில் அந்தச் சொல் வரும்.

மூன்று மாதமாக வாரம் ஒரு வகுப்பு. ரப்பர் அடி வைத்த ஸ்னீக்கரில் ஆடுகிறேன். ஆசிரியை ‘ஷூ வாங்கு’ என்கிறார். எனக்கு ஹீல்ஸ் பழக்கமே இல்லை. வாங்கியே ஆக வேண்டுமா? வாங்கினால் எத்தனை சென்டிமீட்டர்?
– வாசகி, பெர்லின்

ஹீல்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ரப்பர் அடியை மட்டும் விட்டுவிடுங்கள். டாங்கோவில் ஓச்சோ என்று எட்டு வடிவில் ஓர் அசைவு உண்டு. உடம்பின் எடை முழுக்க ஒற்றைக் காலின் முன்பாதத்தில் நிற்க, இடுப்பு திரும்ப, பாதமும் கூடவே சுழல வேண்டும். ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டால் பாதம் அங்கேயே நிற்கும், இடுப்பு மட்டும் திரும்பிவிடும். நடுவில் முறுக்குப்படுவது முழங்கால். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும்போது முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் ஷூவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முதல் ஜோடியாக ஸ்வேட் (பஞ்சுபோன்ற பரப்புள்ள மென்தோல்) அடி வைத்த தட்டையான பயிற்சி ஷூ போதும். நடுப்பாதத்தில் அடி இல்லாமல், முன்னும் பின்னும் மட்டும் ஸ்வேட் ஒட்டிய ரகம் சுழலவும் வளையவும் எளிது.

ஹீல்ஸுக்கு வருவோம். கடைகளில் 5, 6, 7, 7.5, 8, 9 என்று கிடைக்கும். இந்த உயரம் குதிகாலின் பின்பக்கத்தில் அளப்பது. பலரும் மறப்பது இதுதான்: ஒரே 9 சென்டிமீட்டர் எல்லாக் காலுக்கும் ஒரே சரிவைத் தராது. 26 செ.மீ. நீளப் பாதத்துக்கு 9 செ.மீ. ஹீல் தரும் சரிவும் 23 செ.மீ. பாதத்துக்கு 8 செ.மீ. தரும் சரிவும் ஏறத்தாழ ஒன்று. சின்னக் காலுள்ளவர் தோழி போடுகிறாளே என்று 9 வாங்கினால், அவர் நிற்பது தோழியைவிடச் செங்குத்தான மலையில்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெறுங்காலில் சுவரோரம் நின்று குதிகாலைத் தூக்குங்கள். கணுக்கால் ஆடாமல் அரை நிமிடம் எவ்வளவு உயரத்தில் நிற்க முடிகிறதோ அதை யாரையாவது ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒற்றைக் காலில் அதே சோதனை. இரண்டாவதாக வரும் அளவுதான் உங்கள் எல்லை. ஹீல்ஸ் பழக்கமில்லாத உங்களுக்கு 5 அல்லது 6 போதும். ஒல்லி ஊசி ஹீலைவிடக் கீழே சற்று அகன்ற ஹீல் நல்லது.

ஐரோப்பாவில் எல்லா ஷூவும் எனக்கு 38. அர்ஜென்டினாவிலிருந்து 38 என்றே வரவழைத்தேன். தொளதொளவென்று இருக்கிறது. விரல்கள் முன்னால் எட்டிப் பார்க்கின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, ம்யூனிக்

ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறார். அர்ஜென்டினா எண் பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணைவிட ஒன்று குறைவு, பிரேசில் எண் இரண்டு குறைவு. 24 செ.மீ. பாதம் ஐரோப்பாவில் 38, அர்ஜென்டினாவில் 37, பிரேசிலில் 36, இந்தியாவிலும் இங்கிலாந்திலும் 5. நீங்கள் உங்களுக்குத் தெரியாமலே ஐரோப்பிய 39 வாங்கியிருக்கிறீர்கள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஐரோப்பிய எண்ணில் ஒரு படி 6.67 மில்லிமீட்டர், இங்கிலாந்து எண்ணில் ஒரு படி 8.47 மில்லிமீட்டர். அதனால் மாற்று அட்டவணைகளில் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். ஷூவை வார்க்கும் மர அச்சும் பட்டறைக்குப் பட்டறை மாறும். எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள்.

அளக்கும் முறை: மாலையில் அளக்க வேண்டும், காலையில் கால் சற்றுச் சிறியது. சுவரை ஒட்டி ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொட நிற்க வேண்டும். எடை முழுதும் அந்தக் காலில் இருக்கட்டும், உட்கார்ந்து அளந்தால் சில மில்லிமீட்டர் குறையும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். பலருக்கு அது கட்டைவிரலாக இராது, இரண்டாவது விரலாக இருக்கும். அதையும் கடைக்கு எழுதுங்கள். பிறகு தையல் டேப்பால் முன்பாதத்தின் மிக அகன்ற இடத்தைச் சுற்றி ஓர் அளவு. இரண்டு காலுக்கும் இதையே செய்து, பெரிய காலின் அளவை அனுப்புங்கள். சின்னக் காலுக்கு முன்பாதத்துக்கடியில் மெல்லிய ஜெல் பட்டை வைத்துக்கொள்ளலாம். பெரிய காலைச் சின்னதாக்க வழியில்லை.

ஷூ வந்ததும் கம்பளத்தின் மேல் மட்டும் போட்டுப் பாருங்கள். ஹீல் உயரம் காலை முன்னுக்குத் தள்ளும். ஆகவே முன் திறந்த ஷூவில் கட்டைவிரல் நுனி அடித்தோலின் விளிம்புக்கு ஒரு நூல் உள்ளே நிற்க வேண்டும். தோல் பக்கவாட்டில் நெகிழும், நீளத்தில் நெகிழாது. முன்பாதம் ‘இறுக்கமாக இருக்கிறதே’ என்று தோன்றினால் பரவாயில்லை, நாலைந்து மணி நேர ஆட்டத்தில் வழிக்கு வரும். சுண்டுவிரல் எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலித்தால் அது வழிக்கு வராது. புதுச் செருப்பு கடிக்கும்தான். ஆனால் கடிப்பது தோலில், அமுக்குவது எலும்பில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அலுவலக வேலையாக ஐந்து நாள் புவேனஸ் அய்ரஸ் போகிறேன். ஒரு மதியம்தான் எனக்கென்று கிடைக்கும். எங்கே போவது, எப்படிப் பேசுவது, எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, டொராண்டோ

முதலில் எப்போது போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறோம். விமானம் இறங்கிய அன்று வேண்டாம். பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்த கால் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்கு வாங்கிய ஷூ ஊர் திரும்பியதும் கழன்று விழும். மூன்றாம் நாள் மதியம் சரியாக இருக்கும். சனிக்கிழமை பல கடைகள் மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. ஜனவரி அங்கே கோடை, பட்டறைகளில் பாதிப் பேர் கடற்கரையில் இருப்பார்கள். ஆகஸ்டில் 2003 முதல் உலக டாங்கோ போட்டி நடக்கிறது. அந்த மாதம் நடுத்தர எண்கள் முதலில் தீரும்.

இடம் இரண்டு மூன்று போதும். நகரத்தின் நடுவில் சுய்பாச்சா தெரு, கொரியெந்தேஸ் அவென்யூவுக்குச் சற்றுத் தெற்கே. பழைய டாங்கோ ஷூ கடைகள் அங்கே. ஆண்களுக்கும் சேர்த்துப் பார்க்க வசதி. ரெகொலேத்தா பக்கம் அரெனாலெஸ் 1239 என்ற முகவரியில் ஒரு சந்துக்குள் கோம் இல் ஃபோ. மெல்லிய ஊசி ஹீலை டாங்கோ உலகம் முழுக்கப் பரப்பிய கடை என்றே சொல்லலாம். அங்கே வழக்கம் வேறு. அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கும், கையால் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து எண்ணையும் ஹீல் உயரத்தையும் சொன்னால் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து திறப்பார்கள். உங்கள் எண்ணில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பீர்கள். இதில் ஒரு நன்மை, கிடைக்காத சிவப்பு ஜோடிக்கு ஏங்க வேண்டியதில்லை. நேரமிருந்தால் ஆபாஸ்தோ பகுதிக்கும் போகலாம். சுரங்க ரயிலின் பி தடத்தில், பாடகர் கார்லோஸ் கார்தெல் பெயரிலேயே உள்ள நிலையத்தில் இறங்க வேண்டும். முகவரி கண்டுபிடிப்பது அந்த ஊரில் சுலபம். ஒவ்வொரு குறுக்குத் தெருவுக்கும் எண் நூறு கூடும். 263 என்றால் தெரு தொடங்கியதிலிருந்து மூன்றாவது கட்டம்.

பேச்சுக்குப் பத்துச் சொல் போதும். தாகோ என்றால் ஹீல். சியெதே இ மெதியோ என்றால் ஏழரை. அடித்தோலில் இரண்டு கேட்பார்கள்: சுவேலா என்றால் வழுவழுப்பான கெட்டித் தோல், க்ரோமோ என்றால் ஸ்வேட். கணுக்கால் வார் புல்செரா. இறுக்குகிறது என்பதற்கு ‘மே ஆப்ரியெதா’, பெரிதாக இருக்கிறது என்பதற்கு ‘மே கேதா கிராந்தே’. ரொக்கத்துக்கு எஃபெக்தீவோ. ரொக்கமாகத் தந்தால் விலை குறையுமா என்று கேட்பது அங்கே தப்பில்லை, பல கடைகளில் குறையும். ஷூ என்பதற்குச் சப்பாதோ. யாழ்ப்பாண வாசகிகளுக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டாம். நம் சப்பாத்து போர்த்துக்கீசியர் தந்தது, ஸ்பானியர் சொல்லும் அதற்கு அக்கா தங்கைதான்.

கண்ணாடி மேசை இருந்தால் வாங்கும் முன் ஷூவை அதன் மேல் வையுங்கள். ஹீல் நுனி முழுதும் மேசையில் படிந்திருக்க வேண்டும். பின் விளிம்பு மட்டும் தொட்டால் அச்சுக்கும் ஹீலுக்கும் பொருத்தமில்லை. விரலால் ஹீலைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் ஷூ மொத்தமாக ஆட வேண்டும், ஹீல் மட்டும் ஆடக் கூடாது. ஷூவை இரு கைகளிலும் பிடித்து வளையுங்கள். முன்பாதத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. நடுவில் உள்ளே ஓர் எஃகுப் பட்டை இருக்கிறது. அது மெலிந்திருந்தால் ஆறு மாதத்தில் ஹீல் பின்னுக்குச் சாயும்.

பிறகு போட்டுக்கொண்டு நின்று, ஹீல் உங்கள் குதிகால் எலும்பின் நேர் கீழே வருகிறதா என்று கூட வந்தவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹீல் பின்னுக்குத் தள்ளியிருந்தால் பின்னடி வைக்கும்போது மல்லாக்கச் சரிவது போலிருக்கும். டாங்கோவில் பெண்கள் பெரும்பாலும் பின்னால்தான் நடக்கிறார்கள் என்பதால் கடையிலும் பின்னோக்கி நடந்து பாருங்கள். ஒற்றைக் காலில் பத்து எண்ணுங்கள். இரண்டு பக்கமும் நாலு ஓச்சோ போடுங்கள். கடைக்காரருக்கு இது பழகிப்போன காட்சி, வெட்கப்பட வேண்டாம். வாரை நடுத் துளையில் மாட்டிப் பார்ப்பது முக்கியம். புதிதிலேயே கடைசித் துளைக்குப் போய்விட்டால், தோல் நெகிழ்ந்த பிறகு இறுக்க இடமிராது.

அளவெடுத்துச் செய்து தருவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். உங்கள் ஐந்து நாளுக்கு அது சரிவராது. வாங்கியதைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஷூவுக்கும் தனித் துணிப்பை போட்டு, விரல் பக்கம் காகிதம் திணிக்க வேண்டும். ஒரு ஹீல் இன்னொன்றின் சாட்டினில் குத்தினால் அந்தத் தழும்பு போகாது.

பரதநாட்டியம் பத்து வருடம் ஆடிய கால் என்னுடையது. முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். மெட்டியைக் கழற்றவும் மனமில்லை. எனக்குத் தோதான ஷூ உண்டா?
– வாசகி, லண்டன்

உண்டு, ஆனால் தேட வேண்டும். உங்கள் கால் போன்றவற்றுக்கு வரும் தொல்லை இது: முன்பாதத்துக்கு ஏற்றபடி வாங்கினால் குதிகால் வழுக்கும், குதிகாலுக்கு ஏற்றபடி வாங்கினால் சுண்டுவிரல் வெளியே தொங்கும். முன்பக்கம் ஒரே அகல வாராக இல்லாமல், இரண்டு மூன்று மெல்லிய வார்கள் குறுக்கே பின்னியிருக்கும் மாடலைக் கேளுங்கள். அவை காலின் வடிவத்துக்குப் படியும். பின்பக்கம் மூடிய குதிகால் கூடு, அதோடு கணுக்காலில் வார். பின்பக்க ஒடுக்கத்துக்குக் கூட்டின் உட்புறம் ஸ்வேட் பட்டை ஒன்று ஒட்டிக்கொள்ளலாம், 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அகலக் காலுக்கு என்றே அச்சு வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. வெறும் எண் பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். நீளம் கூடினால் வளையும் இடம் உங்கள் விரல் மூட்டுக்கு நேரே வராது.

மெட்டி விஷயம். முத்து, பூ, சலங்கை வைத்த மெட்டி ஆகாது. அது வாரின் உட்புறத்தை அறுக்கும், கூட ஆடுபவரின் கால்சட்டை நூலை இழுக்கும். தட்டையான ஒற்றை வளையம் என்றால் ஆடலாம். ஆனால் முன் வாரின் விளிம்பு மெட்டியின் மேல் உட்காரக் கூடாது. ஒன்று, விரல்கள் முழுதும் வெளியே தெரியும் மாடல். அல்லது விரலை முழுக்க மூடும் மாடல், அதிலும் உட்புறம் மெட்டிக்கு மேலே அழுத்தாமல் இருந்தால் மட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் தொல்லை. கடைக்கு மெட்டியோடே போய் அளவு பாருங்கள். இரவு நேரத்தில் விரல் வீங்கி மெட்டி இறுகினால் உடனே கழற்றிவிட வேண்டும், சோப்பு நுரை உதவும். கொலுசைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

இன்னொன்று. தட்டடவு பழகிய காலுக்குத் தரையை ஓங்கி மிதிக்கும் வழக்கம் போகாது. 8 செ.மீ. ஊசி ஹீலில் அப்படி மிதித்தால் அதிர்ச்சி நேராக ஹீலின் உள்ளே இருக்கும் ஆணியில் இறங்கும். உங்களுக்கு ஹீல் அகலமாகவே இருக்கட்டும்.

நான் இருக்கிற இடத்தில டாங்கோ சப்பாத்து 180, 200 யூரோ. என்னட்ட நல்ல குதி உயர்ந்த தோல் சப்பாத்து ஒரு சோடி சும்மா கிடக்குது. அதுக்கு அடி மாத்தினால் காணாதா?
– வாசகி, பாரிஸ்

காணும், சப்பாத்து தகுதியானதாக இருந்தால். முன்பக்கம் அரை அங்குலம் தடித்த அடி இருக்கக் கூடாது, அதில் தரை காலுக்குத் தெரியாது. கணுக்கால் வார் இருக்க வேண்டும். ஹீல் நுனி குதிகாலுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் காசை வீணாக்காதீர்கள்.

சப்பாத்து தைப்பவரிடம் கொடுப்பது சுலபம். பாரிஸில் கொர்தொனியே கடையில் ‘க்ரூத் த க்யூர்’ என்று கேளுங்கள், ஸ்வேட் போன்ற பிளந்த தோல் அது. நீங்களே செய்வதானால் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்வேட், பஞ்சுபோன்ற பக்கம் தரையைப் பார்க்கும்படி. ஹீலைத் தொட வேண்டாம். விரல் நுனியிலிருந்து நடுப்பாத வளைவு தொடங்கும் இடம் வரை மட்டும். பழைய அடியைக் கரகரப்பான 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுதும் போகும் வரை தேய்த்து, தூசைத் துடையுங்கள். காகிதத்தில் வரைந்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தோலை வெட்டுங்கள். சப்பாத்துக்காரர் பயன்படுத்தும் மஞ்சள் ஒட்டுப்பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூச வேண்டும். தோல் பசையைக் குடிக்கும், ஆகவே தோலுக்கு இரண்டு பூச்சு. 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் விரல் நுனியிலிருந்து தொடங்கிப் படிய வையுங்கள். பட்டது பட்டதுதான், எடுத்து மறுபடி வைக்க முடியாது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுத்தியால் தட்டி, ஒரு நாள் விட்டு, விளிம்பைக் கூரான கத்தியால் சீவுங்கள்.

பிழைக்கிற இடம் இரண்டு. விரல் நுனியில் விளிம்பு தடிப்பாக நின்றால் ஒவ்வொரு அடிக்கும் அது இடறி, ஒரு மாதத்தில் உரியும். அங்கே தோலைச் சாய்வாகச் சீவி மெலிதாக்கி ஒட்டுங்கள். இரண்டாவது, 4 மில்லிமீட்டர் தோல் போட்டால் முன்பக்கம் உயர்ந்து ஹீல் பின்னுக்குச் சாயும். 2 மில்லிமீட்டரைத் தாண்டாதீர்கள்.

ஒரே ஷூ, ஒரு ஹாலில் பனிக்கட்டி மாதிரி வழுக்குகிறது, இன்னொரு ஹாலில் ஒட்டிக்கொள்கிறது. ஷூ தப்பா, தரை தப்பா?
– வாசகர், மெல்பர்ன்

தரை. புவேனஸ் அய்ரஸிலேயே கானிங் அரங்கில் மரத்தரை, சுந்தர்லாந்து கிளப்பில் ஆடுவது கூடைப்பந்து மைதானத்தில். ஒரே ஷூ இரண்டிலும் ஒரே மாதிரி நடக்காது. மெழுகு போட்ட மரத்தில் புதிய கெட்டித் தோல் வழுக்கும். அதற்கு அடியை 80 எண் உப்புத்தாளால் குறுக்குவாட்டில் நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும். ஸ்வேட் புதிதில் பிடிக்கும். தூசும் மெழுகும் ஏறி நார்கள் படுத்துப் பளபளத்ததும் வழுக்கும். கம்பி பிரஷால் ஒரே திசையில் தேய்த்து நார்களை நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று மாலைக்கு ஒருமுறை போதும், தினமும் தேய்த்தால் தோல் வழுக்கையாகிவிடும்.

அவசரத்துக்கு ஈரத்துணியில் அடியை ஒற்றிக்கொள்ளலாம். மேடை நடனக்காரர்கள் ஸ்வேட் அடியில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு தேய்ப்பதும் உண்டு, நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மரத்தரையில் கறை விடும், ஹால்காரர் உங்களை மறக்க மாட்டார். ஒட்டும் தரைக்கு டால்கம் பவுடர் போடுவதும் அப்படித்தான். உங்கள் காலுக்குப் போட்டது அடுத்த ஜோடியின் காலை வாரும்.

லத்தீன் நடனத்துக்கு வாங்கிய சாட்டின் ஷூ இருக்கிறது. அதுவே போதாதா?
– வாசகி, துபாய்

ஆறு மாதத்துக்குப் போதும். அது பாதத்தை வளைத்து நீட்டிக் காட்டுவதற்காகச் செய்தது, நடுப்பட்டை மெல்லியது. டாங்கோவில் நீண்ட நேரம் ஒரே முன்பாதத்தில் நிற்பதால் அந்த மென்மை காலைக் களைப்பாக்கும்.

தோல் இல்லாத டாங்கோ ஷூ கிடைக்குமா?
– வாசகி, ஆம்ஸ்டர்டாம்

கிடைக்கும். மேலே மைக்ரோஃபைபர், அடியிலும் மைக்ரோஃபைபர் ஸ்வேட் என்று கேளுங்கள். நெகிழாது, ஆகவே முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் இரண்டே வருடத்தில் ஒரு ஜோடியின் அடி உரிந்து வந்துவிட்டது. அலமாரியில் வைத்த இன்னொரு ஜோடியில் பூஞ்சை. மட்டமான சரக்கா?
– வாசகி, சிங்கப்பூர்

இருக்கலாம், ஆனால் நல்ல சரக்கும் அங்கே இப்படித்தான் போகும். உரிந்தது பசை மட்டும் என்றால் மேலே பாரிஸ் வாசகிக்குச் சொன்னபடி ஒட்டிக்கொள்ளலாம். அடி பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது பாலியூரிதேன், ஈரக் காற்று அதை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். போடாமல் வைத்திருந்தாலும் உதிரும் என்பதால், தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பயிற்சி ஷூவை மூன்று ஜோடி வாங்கி அடுக்காதீர்கள்.

ஆடி முடித்ததும் ஷூவைப் பையில் மூடி வைத்துத் தூங்கப் போவதுதான் பூஞ்சைக்குச் சாப்பாடு போடுவது. மின்விசிறிக்கடியில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒவ்வொரு ஷூவிலும் ஒன்று போட்டுத் துணிப்பையில் வையுங்கள். வெயிலில் காய வைத்தால் தோல் வெடிக்கும். வந்துவிட்ட பூஞ்சையை வீட்டுக்கு வெளியே உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, வழுவழுத் தோல் என்றால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம். முதலில் உட்பக்கம் ஓர் ஓரத்தில் சாயம் போகிறதா பாருங்கள். சாட்டினுக்கு இது ஆகாது.

ஆண்களுக்கு அலுவலக ஷூ போதாதா?
– வாசகர், லண்டன்

அடி தோலாக இருந்தால் போதும். பெரும்பாலான அலுவலக ஷூவில் இப்போது ரப்பர். அதை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை, நகத்தால் அழுத்தினால் தெரியும். லேஸ் கட்டும் ரகம், ஹீல் 2 முதல் 2.5 செ.மீ., விரல் பக்கம் ஒடுங்கி, அடி விளிம்பு வெளியே துருத்தாமல் இருக்க வேண்டும். துருத்தும் விளிம்புதான் கூட ஆடும் பெண்ணின் திறந்த விரலை நசுக்கும். நடைக்கு வாங்குவதைவிட அரை அளவு சிறிதாக வாங்குங்கள், ஷூவுக்குள் கால் தனியாகத் திரும்பினால் ஓச்சோ தாமதமாகும். லேஸ் இல்லாத ரகம் வேண்டாம்.

அர்ஜென்டினாவிலிருந்து வரவழைத்தால் ஐரோப்பாவில் மொத்தம் எவ்வளவு ஆகும்? திருப்பி அனுப்பலாமா?
– வாசகர், ஃப்ராங்க்ஃபர்ட்

2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருள் எவ்வளவு மலிவானாலும் வாட் உண்டு, ஜெர்மனியில் 19 சதவீதம். ஷூ 200 யூரோ, அனுப்பும் செலவு 30 யூரோ, தோல் காலணிக்குச் சுங்கம் 8 சதவீதம் என்று வைத்தால்: 230க்குச் சுங்கம் 18.40. கூட்டினால் 248.40. அதற்கு வாட் 47.20. மொத்தம் 295.60. கூரியர்காரர் தன் கைக்கூலியைத் தனியாக வாங்குவார். அளவு சரியில்லையென்றால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்.

ஒன்றியத்துக்குள்ளே இருக்கும் கடையில் இணையவழி வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை உண்டு. உங்கள் அளவுக்கென்றே செய்ததற்கு அந்த உரிமை இல்லை. அடியில் தரையின் கறை பட்டிருந்தால் கடைக்காரர் பணத்தைக் குறைப்பார், ஆகவே அடியில் பெயின்டர் டேப் ஒட்டிக்கொண்டு கம்பளத்தில் மட்டும் நடந்து பாருங்கள். முதல் ஜோடியை ஒன்றியத்துக்குள் வாங்குங்கள். அந்தப் பட்டறையில் உங்கள் எண் எது என்று தெரிந்த பிறகு, இரண்டாவது ஜோடிக்கு அர்ஜென்டினா பக்கம் போகலாம். யாராவது ஊர் போய் வந்தால் கொண்டுவரச் சொல்லுவதும் வழிதான். விமானத்தில் வருபவர் 430 யூரோ மதிப்புவரை வரியில்லாமல் கொண்டுவரலாம், இரண்டு ஜோடி அதற்குள் அடங்கும்.

ஆடும்போது என் ஹீலிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம். தாளத்துக்கு ஒத்து வருகிறது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். விட்டுவிடலாமா?
– வாசகி, ஆக்லாந்து

விடக் கூடாது. ஹீல் நுனியில் உள்ள பிளாஸ்டிக் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு ஆணி தரையில் படுகிறது. நுனிக்குக் குறடு போட்டுச் சற்று ஆட்டி இழுத்தால் ஆணியோடு வந்துவிடும். கூடவே வந்த ஆணியின் விட்டத்தை அளந்து அதே விட்டத்தில் புதியது வாங்குங்கள். 3 மி.மீ. ஓட்டையில் 2.5 மி.மீ. ஆணி நிற்காது, மிலோங்கா நடுவில் கழன்று உருளும். பெரிய ஆணியைச் சின்ன ஓட்டையில் அடித்தால் ஹீலே பிளக்கும். புதியதை வைத்து, ஷூவைக் கவிழ்த்து இரண்டு மூன்று தட்டு தட்டினால் முடிந்தது. இரண்டு காலுக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்று மட்டும் மாற்றினால் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம், இடுப்புக்குத் தெரியும்.

நுனி மாற்றியும் சத்தம் நின்றபாடில்லை என்றால், சத்தம் வருவது மேலிருந்து. உள் அட்டையைக் குதிகால் பக்கம் மெல்ல உரித்துப் பாருங்கள், ஹீலைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கும். அதை இறுக்கி, பக்கத்தில் வரிவரியான ஆணி இரண்டு அடித்துத் தரச் சொல்லி ஷூ தைப்பவரிடம் கொடுங்கள். அதுவரை அந்த ஜோடியில் ஆடாதீர்கள்.